சீட் நிரம்பிய பஸ் ஸ்டாப்பில் நிற்காது: உணவு நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் காகிதப் பட்டை

கடலைப் பொட்டலத்தில் கையை விட்டு ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே வருகிறோம். இருபதாவதோ முப்பதாவதோ ஒன்று கசக்கிறது. தூ என்று துப்பிவிட்டு, கசப்பு போக அவசரமாக இன்னும் நாலு கடலையை மெல்கிறோம். மனிதனுக்கு வாய்த்த முதல் ஆய்வுக் கருவி நாக்குதான். செலவு கிடையாது, பதில் உடனே வரும். ஆனால் அதை முழுசாக நம்பிவிட முடியாது. கசந்த கடலை வெறும் சொத்தையாகவோ, சிக்கு வாடை ஏறியதாகவோ இருக்கலாம். கடலைக்கு வரக்கூடிய மிக மோசமான நஞ்சு வேறு. நாம் தின்னும் அளவில் அதற்கு ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. நாக்கு அதைச் சத்தமில்லாமல் உள்ளே விட்டுவிடும்.

அந்த நஞ்சின் பெயர் அஃப்லாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளாவஸ் என்று ஒரு பூஞ்சை உண்டு. மண்ணில் எங்கும் இருப்பது. அதன் பெயரில் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் எடுத்து ‘டாக்சின்’ என்பதோடு ஒட்டிவிட்டார்கள். நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல், பருத்திக்கொட்டை இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். சரியாகக் காயாமல் ஈரத்தோடு மூட்டை கட்டினாலும் வரும். செடியில் இருக்கும்போதே கடைசி வாரங்களில் மழை பொய்த்து வாடினாலும் வரும். வறுத்தால் ஓரளவு குறையும், ஒழியாது. பாலில் இருந்தால் எத்தனை தடவை காய்ச்சினாலும் இருக்கும். பால் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்படி ஒரு நஞ்சு இருப்பதே 1960 வரை யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்று புரியாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். கிருமியைத் தேடி அலுத்துப்போய்க் கடைசியில் தீவனத்துக்கு வந்தார்கள். பிரேசிலில் இருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கு! 1974-இல் குஜராத்–ராஜஸ்தான் எல்லையில், பஞ்சமகால், பான்ஸ்வாடா மாவட்டங்களின் பழங்குடி கிராமங்களில் மஞ்சள் காமாலை போல ஒன்று பரவியது. அறுவடை நேரத்து மழையில் நனைந்த மக்காச்சோளம்தான் காரணம். பதிவான 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. 2004-இல் கென்யாவில், மறுபடியும் மக்காச்சோளம். 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். இதெல்லாம் ஒரேயடியாக நிறைய உள்ளே போனதன் விளைவு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் போனால் கல்லீரல் புற்றுநோய் வரும். புற்றுநோய் உண்டாக்கும் என்று சந்தேகமின்றி நிரூபணமான பொருள்களின் முதல் வகுப்பில் இதுவும் இருக்கிறது.

இனி அளவுக்கு வருவோம், ஏனென்றால் கஷ்டமே அங்கேதான். அப்படியே எடுத்துத் தின்னும் கடலையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம் என்பது இந்திய விதி. ஐரோப்பாவில் 4. இதை மனசில் வாங்க ஒரு மூட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ மூட்டையில் 10 மைக்ரோகிராம் வீதம் என்றால் மொத்தம் அரை மில்லிகிராம். தூள் உப்பில் எட்டுப் பரல் எடுத்தால் கிட்டத்தட்ட அந்த எடை வரும். ஒரு முழு மூட்டைக் கடலைக்குள் எட்டுப் பரல் உப்பு கரைந்து ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்து எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும். நாக்கு தோற்றதில் வியப்பில்லை.

பெரிய ஆய்வகங்கள் இதைச் செய்கின்றன. கடலையை அரைத்து, மெத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைசலில் குலுக்கி, வடிகட்டி, நஞ்சை மட்டும் பிடித்து வைக்கும் சின்னக் குழாயில் செலுத்திச் சுத்தம் செய்து, பிறகு எச்.பி.எல்.சி. என்ற இயந்திரத்துக்குள் அனுப்புவார்கள். மெல்லிய குழாய்க்குள் ஓடும்போது கலவையில் இருக்கும் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வெளியே வரும். புறஊதா ஒளி பட்டால் அஃப்லாடாக்சின் ஒளிரும். நீலமாக ஒளிர்வதற்கு ‘பி’, பச்சையாக ஒளிர்வதற்கு ‘ஜி’ என்று அந்த ஒளியை வைத்தே பெயர். அந்த ஒளியை அளந்தால் அளவு தெரிந்துவிடும். அருமையான முறை. ஆனால் குளிரூட்டிய அறை, பல லட்சம் ரூபாய் இயந்திரம், பயிற்சி பெற்ற ஆள், இதெல்லாம் வேண்டும். கடலை மண்டியில் லாரி நிற்கும்போது ‘ரிப்போர்ட் வரட்டும், நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொன்னால் டிரைவர் சிரிப்பார்.

சரி, இத்தனை வேலையையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடக்க முடியுமா?

கோடு மறைந்தால்தான் பயம்

மெடிக்கல் ஷாப்பில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கொரோனா காலத்தில் மூக்கைக் குடைந்து எடுத்ததைச் சொட்டு விட்டுப் பார்த்தோமே, அதுவும் அதே ஜாதிதான். பிளாஸ்டிக் கூட்டுக்குள் விரல் அகலம்கூட இல்லாத ஒரு பட்டை. உணவு நஞ்சுக்கும் இதே மாதிரிப் பட்டைகள் வந்துவிட்டன. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தலைகீழ். நான் முதன்முதலில் இதைப் பார்த்தபோது கோடு விழாததைக் கண்டு ‘அப்பாடா, ஒன்றுமில்லை’ என்றேன். பக்கத்தில் இருந்தவர் முகம் மாறியது. இதில் கோடு விழுந்தால் நல்லது. விழாவிட்டால்தான் நஞ்சு.

ஏன் என்று பார்க்க, பட்டையை ஒரு பஸ் ரூட்டாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு பஸ்கள் காய்ந்த நிலையில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு தங்கத் துகள். ஆமாம், நிஜத் தங்கம்தான். ஆனால் மில்லிமீட்டரில் 25,000-இல் ஒரு பங்கு அளவு. தங்கத்தை அவ்வளவு பொடிசாக ஆக்கினால் மஞ்சள் நிறம் போய்ச் சிவப்பாகிவிடும். அந்தத் துகளைச் சுற்றிலும் கவட்டை வடிவத்தில் ஆன்டிபாடி என்ற புரதங்கள் ஒட்டியிருக்கும். இவைதான் பஸ்ஸின் சீட்டுகள். இந்த சீட்டில் கண்டவர்கள் உட்கார முடியாது. அஃப்லாடாக்சினின் உருவத்துக்கென்றே வார்த்த சீட், அது மட்டும்தான் பொருந்தும்.

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு ஸ்டாப். கோடு விழ வேண்டிய இடம் அது. அங்கே அஃப்லாடாக்சின் மூலக்கூறுகளையே பயணிகளாக நிறுத்தி, நகர முடியாதபடி பட்டையில் ஒட்டி வைத்திருப்பார்கள்.

சொட்டு விட்டதும் ஈரம் பரவுகிறது, பஸ்கள் கிளம்புகின்றன. சாம்பிளில் நஞ்சு இல்லை என்றால் சீட்டெல்லாம் காலி. காலி பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் பயணியை ஏற்றப் பார்க்கும். பயணியோ தரையோடு ஒட்டப்பட்டவர். பிடித்த பிடியில் பஸ் அங்கேயே மாட்டிக்கொள்ளும். லட்சக்கணக்கில் சிவப்பு பஸ்கள் இப்படி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் நம் கண்ணுக்கு அது சிவப்புக் கோடு.

சாம்பிளில் நஞ்சு இருந்தால்? கிளம்பும் இடத்திலேயே ஏறி உட்கார்ந்துவிடும். சீட் நிரம்பிய பஸ் ஸ்டாப்பில் நிற்குமா? நம் ஊரில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. அத்தனையும் நேரே போய்விடும், கோடு விழாது.

இன்னும் கொஞ்சம் தள்ளி இரண்டாவது கோடு ஒன்று உண்டு. அது செக்கிங் இன்ஸ்பெக்டர் நிற்கும் இடம். பஸ்ஸில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, பஸ்ஸையே மறிப்பார். ஆகவே சாம்பிள் எப்படி இருந்தாலும் அந்தக் கோடு விழுந்தே ஆக வேண்டும். அது விழவில்லை என்றால் பஸ்களே ஓடவில்லை என்று பொருள். பட்டை வெயிலில் கெட்டிருக்கும், அல்லது சொட்டு போதாமல் போயிருக்கும். தூக்கிப் போட்டுவிட்டு வேறு பட்டை எடுக்க வேண்டியதுதான். இந்த இரண்டாவது கோட்டைப் பார்க்காமல் முதல் கோட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

கர்ப்பப் பரிசோதனையில் ஏன் நேராக இருக்கிறது, இதில் ஏன் தலைகீழ்? அங்கே தேடும் ஹார்மோன் பெரிய மூலக்கூறு. ஒரு ஆன்டிபாடி ஒரு பக்கம் பிடிக்க, இன்னொன்று மறுபக்கம் பிடிக்கலாம். பூசணிக்காயை இரண்டு பேர் தூக்குவது போல. அஃப்லாடாக்சின் நெல்லிக்காய். அதன் மூலக்கூறு எடை 312, ஆன்டிபாடியின் எடை சுமார் 1,50,000. ஒரு கை மூடினால் இன்னொரு கைக்கு இடமில்லை. சின்ன நஞ்சுகளைத் தேடும் பட்டைகள் பெரும்பாலும் இந்த ‘சீட்டுக்குப் போட்டி’ வழியைத்தான் பின்பற்றுகின்றன.

நடுத்தர நிலையும் உண்டு. கொஞ்சம் நஞ்சு இருந்தால் சில பஸ் நிரம்பும், சில காலியாக வரும், கோடு மங்கலாக விழும். மங்கலா, பளிச்சா என்று இரண்டு பேர் சண்டை போடாமல் இருக்கத்தான் கோட்டின் அடர்த்தியை அளந்து எண்ணாகச் சொல்லும் ரீடர் கருவிகளும், போன் கேமராவையே ரீடராக்கும் செயலிகளும் வந்தன. ஐதராபாத் அருகே இருக்கும் இக்ரிசாட் ஆய்வு நிலையம் கடலை விவசாயிகளை மனதில் வைத்து இப்படி ஒரு பட்டையை உருவாக்கியது. 15 நிமிடத்துக்குள் முடிவு, ஒன்றின் விலை 2 டாலருக்கும் குறைவு என்று அறிவித்தார்கள்.

சின்னதாக்கினால் என்ன லாபம்?

எடுத்துச் செல்ல வசதி என்பது ஒரு லாபம்தான், ஆனால் பெரிய லாபம் வேறு. தண்ணீரில் ஒரு சொட்டு மையை விட்டுக் கலக்காமல் விட்டுவிடுங்கள். அது தானாகப் பரவும். இந்தப் பரவலுக்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு: போக வேண்டிய தூரம் பத்தில் ஒரு பங்கானால், ஆகும் நேரம் நூறில் ஒரு பங்காகிவிடும். ஒரு ஆன்டிபாடி அசையாத தண்ணீரில் 1 மில்லிமீட்டர் பரவ ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் பிடிக்கும். அதே ஆன்டிபாடிக்கு 0.1 மில்லிமீட்டர் தூரம் இரண்டே நிமிடம். தலைமுடி தடிமனுக்குக் கால்வாய் வெட்டிவிட்டால், நஞ்சும் ஆன்டிபாடியும் ஒன்றையொன்று தேடி அலைய வேண்டியதில்லை, திரும்பினால் முட்டிக்கொள்ளும். மணிக்கணக்கான காத்திருப்பு நிமிடங்களுக்குச் சுருங்குவதற்கு அடிப்படை இதுதான். சாம்பிளும் ரசாயனமும் சில சொட்டுகள் போதும் என்பது உபரி.

இந்த யோசனைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1979-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், வாயுக்களைப் பிரித்தறியும் ஒரு முழு இயந்திரத்தை 5 சென்டிமீட்டர் சிலிக்கன் வில்லையில் செதுக்கிக் காட்டினார்கள். கம்ப்யூட்டர் சிப் செய்யும் அதே செதுக்கு வேலை. 1990-இல் ஆண்ட்ரியாஸ் மான்ஸ் என்ற வேதியியலாளர், ஆய்வகத்தின் எல்லாப் படிகளையும் ஒரே சிப்பில் வரிசையாக வைத்துவிடலாம் என்ற கருத்தை முறையாக முன்வைத்தார். ‘சிப்பில் ஆய்வகம்’ என்று இன்று அழைக்கிறார்கள். ஆனால் சிப்புக்குள் திரவத்தைத் தள்ள பம்ப் வேண்டும், பம்ப்புக்கு மின்சாரம் வேண்டும், குழாய் வேண்டும். ஆய்வக மேசையில் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன சிப், சுற்றிலும் மேசை நிறையப் பெட்டிகள்! சிப்பில் ஆய்வகமா, ஆய்வகத்தில் சிப்பா என்று அந்தத் துறைக்காரர்களே கிண்டல் செய்வார்கள்.

காகிதம் வந்து அந்தக் கிண்டலை ஓரளவு அடக்கியது. விளக்குத் திரி எண்ணெயைத் தானே இழுத்துக்கொள்கிறது, யாரும் பம்ப் வைப்பதில்லை. அதே போல வடிதாள் தண்ணீரை இழுக்கும். 2007-இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு, காகிதத்தில் தண்ணீர் ஏறாத ஒரு பொருளால் கரை கட்டி, நடுவில் மட்டும் நீர் ஓடும் கால்வாய்களைச் செய்து காட்டியது. பிறகு அந்தக் கரையை மெழுகாலேயே அச்சடித்துவிடலாம் என்று ஆனது. கோலம் போடுவது போலக் கால்வாய் வரையலாம். ஒரு சொட்டு விட்டால் அது கிளை பிரிந்து நாலைந்து புள்ளிகளுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ரசாயனம். ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2023-இல் பாலுக்கென்று ஒரு காகிதக் கருவியை வெளியிட்டார்கள். மேலும் கீழும் மூடி, நடுவில் வடிதாள். சில சொட்டுப் பால் விட்டால் 30 விநாடியில் யூரியா, சலவைத்தூள், சோப்பு, ஸ்டார்ச், ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, உப்பு ஆகிய கலப்படங்கள் நிறம் காட்டும். இவை அஃப்லாடாக்சின் போலப் பூஞ்சை சுரந்த நஞ்சு அல்ல, மனிதன் கலந்தவை. அளவும் பல மடங்கு அதிகமாக இருக்கும், அதனால் ஆன்டிபாடி இல்லாமல் சாதாரண நிறமாற்ற வேதியியலே போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கருவிகள் எல்லாமே கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவை. யூரியா இருக்கிறதா என்று கேட்டால் யூரியாவைப் பற்றி மட்டும்தான் சொல்லும். ‘பால் நல்ல பால்’ என்று எந்தப் பட்டையும் சொல்லாது. 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழிற்சாலைப் பொருளைக் கலந்தார்கள். புரதம் எவ்வளவு என்று பார்க்கும் வழக்கமான சோதனை உண்மையில் நைட்ரஜனைத்தான் அளக்கிறது. மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். தண்ணீர் விட்ட பால் சோதனையில் தேறிவிட்டது. கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தன. சோதனையில் பிழையே இல்லை. யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

ஓடவிட்டுப் பிடிப்பது

ஆன்டிபாடியால் பிடிக்க முடியாத அளவுக்குச் சின்ன நஞ்சுகளும் உண்டு. மெத்தனால் அப்படி ஒன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; நஞ்சு இந்த மெத்தனால்தான். சாராயத்தில் இருக்க வேண்டிய எத்தனாலுக்கும் இதற்கும் வாடையிலோ ருசியிலோ குடிப்பவரால் வித்தியாசம் காண முடியாது. உடம்புக்குள் போன பிறகுதான் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிக்கிறது.

சாராய ஆவியை மோப்பம் பிடிக்கும் சென்சார் மலிவாகவே கிடைக்கும். சிக்கல் என்னவென்றால் அந்த மூக்குக்கும் மெத்தனால், எத்தனால் இரண்டும் ஒன்றுதான். ஸ்விட்சர்லாந்தின் இ.டி.எச். சூரிக் ஆய்வாளர்கள் இதற்கு எளிமையான ஒரு வழி கண்டார்கள். சென்சாருக்கு முன்னால், ஒரு பாலிமர்ப் பொடி அடைத்த சின்னக் குழாயை வைத்தார்கள். பானத்தின் மேலே நிற்கும் ஆவியை அதற்குள் இழுத்தால், சின்ன மூலக்கூறான மெத்தனால் பொடியில் அதிகம் ஒட்டாமல் முதலில் ஓடிவந்துவிடும். எத்தனால் ஒட்டி ஒட்டிப் பின்னால் வரும். யார் என்று சென்சாருக்குத் தெரியாவிட்டால் என்ன, எப்போது வந்தது என்பதை வைத்து நாம் சொல்லிவிடலாம். ஆறு கண்டங்களில் இருந்து வந்த 89 மதுபானங்களில் பரிசோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். சட்டைப் பைக்குள் போகும் கருவி, இரண்டு நிமிடத்தில் முடிவு. 1979-இல் சிலிக்கன் வில்லையில் செதுக்கினார்களே, அதே பிரித்தறியும் யோசனையின் பேரப்பிள்ளை இது. விஷச் சாராயச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கருவிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கள்ளச்சாராயம் விற்கும் இடத்தில் இதை வைத்துக்கொண்டு யார் நிற்பது என்ற கேள்விக்கு வேதியியலில் பதில் கிடையாது.

மூட்டையில் ஒரு கடலை

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, பட்டை கையில் இருந்தால் போதும், கடலைப் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு கணக்கு அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டது.

50 கிலோ மூட்டையில் சுமார் ஒரு லட்சம் பருப்புகள் இருக்கும்; பருப்பு ஒன்று அரை கிராம். பூஞ்சை எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவுவதில்லை. ஒன்றிரண்டில் மட்டும் புகுந்து குடியிருக்கும். அப்படிக் கெட்ட ஒற்றைப் பருப்பில் கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற வீதத்துக்கும் மேல் அஃப்லாடாக்சின் அளக்கப்பட்டிருக்கிறது. அந்த வீதத்தில் அரை கிராம் பருப்புக்குள் 500 மைக்ரோகிராம். அதாவது நாம் முன்னே பார்த்த எட்டுப் பரல் உப்பும் ஒரே பருப்புக்குள்! மற்ற 99,999 பருப்பும் சுத்தமாக இருந்தாலும், அந்த ஒன்றை வைத்தே முழு மூட்டையும் வரம்பைத் தொட்டுவிடும்.

இப்போது மூட்டையில் கையை விட்டு ஒரு கைப்பிடி அள்ளுங்கள். நூறு கடலை வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்று உங்கள் கையில் வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. வராவிட்டால் உலகத்திலேயே மிகத் துல்லியமான சிப்பும் ‘நஞ்சே இல்லை’ என்று சொல்லும். வந்துவிட்டால் ‘ஐயோ, ஆயிரம் மடங்கு வரம்பைத் தாண்டிவிட்டது’ என்று அலறும். கிலோவுக்கு 10 இருக்க வேண்டிய இடத்தில் 10,000 காட்டும். இரண்டு பதிலும் கைப்பிடியைப் பற்றிச் சரி, மூட்டையைப் பற்றித் தவறு. அதனால்தான் ஐரோப்பிய விதிகள் பெரிய கடலைச் சரக்கு ஒன்றில் நூறு இடங்களில் இருந்து எடுத்து மொத்தம் 20 கிலோ சேர்க்கச் சொல்கின்றன. அத்தனையையும் அரைத்துச் சீராகக் கலந்த பிறகுதான் அதில் ஒரு சிட்டிகையைச் சோதனைக்கு எடுக்கலாம். தீப்பெட்டி அளவு கருவிக்குப் பின்னால் ஒரு பெரிய அரைவை இயந்திரம் நிற்கிறது. இந்தப் பாகத்தை எந்தச் சிப்பும் இன்னும் சுருக்கவில்லை.

வீட்டில் பாட்டி கடலையை முறத்தில் பரப்பிச் சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது, முளை உடைந்தது என்று பொறுக்கிப் போடுவார்களே, அது இந்தக் கணக்குக்கு நேர் மருந்து. நஞ்சு சில பருப்புகளில்தான் குடியிருக்கிறது என்றால், அந்தச் சிலவற்றை எடுத்துப்போட்டால் பெரும்பகுதி போய்விடும். பெரிய ஆலைகளில் இதே வேலையைக் கேமராவும் காற்றுக் குழாயும் வைத்து நிறம் பார்த்துத் தட்டிவிடும் இயந்திரங்கள் செய்கின்றன. கீரை ஆய்வதையும் ஆய்வு என்றுதான் சொல்கிறோம். ஆய்வகம் என்ற சொல் அங்கிருந்துதான் கிளைக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. நிறம் மாறாமல் நஞ்சு ஏறிய பருப்பும் சில இருக்கும் என்பதால் முறம் முழுக் காப்பு அல்ல. ஆனாலும் வீட்டில் நம்மால் செய்ய முடிந்ததில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

பொறுக்கிப் போட்ட அந்தக் கடலை எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். குப்பைக்குப் போனால் நல்லது. பல நேரம் செக்குக்குப் போகிறது. ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயில் இறங்குவதில்லை, புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. புண்ணாக்கு மாட்டுக்கு. மாடு தின்ற அஃப்லாடாக்சினில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, சில சமயம் ஆறு பங்கு வரை, சற்றே உருமாறிப் பாலில் வருகிறது. பாலில் வருவதால் இதற்கு ‘எம்’ என்று பெயர், எம்1. நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எடுத்த பால் கணக்கெடுப்பில் 6,432 சாம்பிள்களில் 368-இல் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551-இல் 88. எண்ணிக்கையில் மாநிலங்களிலேயே அதுதான் அதிகம்.

வான்கோழிக் கதையில் இருந்த அதே கடலைப் புண்ணாக்குதான். ஆனால் பாலில் ஒரு நன்மை இருக்கிறது: பால் மூட்டை அல்ல. நஞ்சு ஒரு மூலையில் ஒளிய முடியாது, டேங்கர் முழுக்க ஒரே சீராகக் கரைந்திருக்கும். நன்றாகக் கலக்கிவிட்டு ஒரு கரண்டி எடுத்தால் அது முழு டேங்கருக்கும் சாட்சி. அரைக்க வேண்டாம், மெத்தனாலில் குலுக்க வேண்டாம். இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் அதிலும் பத்தில் ஒன்று. அந்த நுணுக்கத்தையும் எட்டும் பட்டைகள் கடைக்கு வந்துவிட்டன. காகிதப் பட்டை தன் பெயரை முழுசாகக் காப்பாற்றும் இடம் எது என்று கேட்டால் பால் டேங்கர் வந்து நிற்கும் மேடையைத்தான் சொல்வேன்.

ஒரு டேங்கரில் கோடு விழவில்லை என்றால் கதை பின்னோக்கி ஓடும். முதலில் பெரிய ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் போகும். பட்டை சந்தேகம் கிளப்பும், உறுதி செய்வது எச்.பி.எல்.சி.தான். அப்புறம் எந்தெந்தச் சங்கத்துப் பால் அந்த டேங்கரில் ஏறியது, அதில் எந்தக் கேனில் கோடு மறைகிறது, அந்தக் கேனை ஊற்றியவர் வீட்டு மாடு என்ன தின்கிறது என்று ஒவ்வொரு பட்டையாகச் செலவழித்துக்கொண்டே போகலாம். கடைசியில் மாட்டுக்கொட்டகை மூலையில், ஓலை மேல் வைத்த ஒரு புண்ணாக்கு மூட்டையில் போய் முடியும். அடிப்பக்கம் ஈரம் தட்டியிருக்கும். அந்தப் புண்ணாக்கை நிறுத்திவிட்டால் மூன்று நாலு நாளில் மாட்டின் பாலில் எம்1 மறைந்துவிடும், பட்டையில் கோடு திரும்பி வரும்.